நிலைக்குறி இலக்கம் நாலு

1912ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, லுணுகலைக்கு மேலே இருந்த ஆனைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் மழைநீர்க் கான் வெட்டும் சின்னராசா, தான் வெட்டிய கானில் தண்ணீர் வராததைக் கண்டான். விடிய விடிய மழை பெய்திருந்தது. மலையின் மேல்பாதியில் கான் நிறையத் தண்ணீர் சுழித்துக்கொண்டு வந்தது. கீழ்ப்பாதியில் அதே கான் காய்ந்து கிடந்தது.

மண்வெட்டியோடு மேலே ஏறிப் பார்த்தான். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, மானாப்புல்லை விலக்கியபோது, மலை ஒரு சாண் அகலத்துக்கு வாய் திறந்திருந்தது. குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டான். தோள் வரைக்கும் போயிற்று. அடி தட்டவில்லை. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று விரல்களில் பட்டது. எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

பதினேழு வருடம் கான் வெட்டியவனுக்குத் தண்ணீர் போகும் வழி இதுவரை தெரியாமல் போனதில்லை. அந்த வெடிப்புக்கு நேர் கீழேதான் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் மூன்றாம் லயம் இருந்தது. வரிசையாக இருபது ஒற்றை அறைக் காம்பராக்கள். ஏழாவது காம்பராவில் அவன் மனைவி கருப்பம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள்.

சின்னராசா ஓடிப்போய் வீரய்யா கங்காணியிடம் சொன்னான். கங்காணி தோட்டத்துத் துரையிடம் சொன்னார். துரை குதிரையில் வந்து இறங்கி, கையிலிருந்த பிரம்பை வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தார். பிரம்பு கை நழுவி உள்ளே போனது. விழுந்த சத்தம் வரவில்லை. துரை அன்றைக்கே பதுளைக்குக் கடிதம் எழுதினார்.

இதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. இதற்குப் பிறகு விஷயம் நிபுணர்களிடம் போய்விட்டது.

பதுளையில் அப்போது ஊவா நிழற்பட அளவைக் கந்தோர் என்று ஓர் அரசாங்க அலுவலகம் திறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மலையில் அளவுச் சங்கிலி இழுக்காமல், எதிர் மலையிலிருந்து கண்ணாடித் தகட்டில் படம் பிடித்து, அந்தப் படத்தை அளந்தே மலையை அளப்பது அதன் வேலை. முறை நல்ல முறைதான். ஐரோப்பாவில் பனிமலை நகர்வதைக்கூட இப்படி அளக்கிறார்கள். ஒரே இடத்திலிருந்து வேறு வேறு நாளில் இரண்டு படம் எடுத்து ஒப்பிட்டால், இடையில் எது நகர்ந்தது, எத்தனை அடி நகர்ந்தது என்று தெரிந்துவிடும். மலையில் ஏறத் தேவையில்லை என்ற பகுதி கந்தோருக்கு மிகவும் பிடித்துப்போய், மூன்று வருடமாக அங்கே யாரும் தாங்கள் அளக்கும் எந்த மலையிலும் ஏறவில்லை.

லயத்து ஆட்களை வேறிடத்துக்கு மாற்றலாமா என்று தோட்டத்துத் துரை கேட்டிருந்தார். கந்தோர் பதில் எழுதியது: ‘வெறும் கண்ணால் கண்டதை வைத்து ஆட்களை அப்புறப்படுத்துவது, அளவைக்கு முந்தி முடிவு சொல்வதாகும். மலை நகர்கிறதென்று இக்கந்தோர் அத்தாட்சி தரும்வரை அது நகரவில்லை.’

தோட்டத்துத் துரை அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டினார். அவருக்கும் பயம்தான். ஆனால் இப்போது அந்தப் பயத்துக்கு ஒரு மேலதிகாரி கிடைத்துவிட்டார்.

கார்த்திகை பிறந்ததும் கந்தோரின் அளவைத் துரை வந்தார். படம் பிடிக்கும் பெட்டி தேக்குப் பேழையில், கொழும்பிலிருந்து பண்டாரவளை வரைக்கும் ரயிலிலும் அதற்குப் பிறகு மாட்டு வண்டியிலும் வந்தது. பெட்டியை நான்கு பேர் தூக்க, ஐந்தாவது ஆள் அதற்குக் குடை பிடித்தான். துரை நனைந்துகொண்டே நடந்தார். கூடவே ஜுனைதீன் வந்தார். பதுளைக் கடைத்தெருவில் படம் பிடித்துச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருந்தவர். இங்கிலீஷ் தெரியும் என்பதால், கண்ணாடித் தகடுகளைக் கழுவவும் துரை சொல்வதைத் தமிழில் சொல்லவும் கந்தோர் அவரை அமர்த்தியிருந்தது. முஸ்லிம் என்பதால் தோட்டத்துச் சனம் அவரை நானா என்று கூப்பிட்டது.

அளப்பதற்கு நான்கு நிலைக்குறிகள் வேண்டும். சுற்றியிருந்த பெரிய பாறைகளில் மூன்றைச் சுண்ணாம்பால் போட்டார்கள். நான்காவது, வெடிப்புக்குக் கீழே சரிவில் நிற்க வேண்டும். அதற்கான வெள்ளைக் கம்பம் கொழும்பிலிருந்து வரவில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். ‘ஐந்தடிக்குக் குறையாத, நிமிர்ந்து நிற்கும் எப்பொருளும்’ நிலைக்குறி ஆகலாம் என்று இருந்தது. அளவைத் துரை எதிர் மலையிலிருந்து தூரக்கண்ணாடியை வைத்துத் தேடினார். சுண்ணாம்பு போட்டவர்களுக்கு வழி காட்டப் போயிருந்த சின்னராசா அதில் அகப்பட்டான். அவன் ஐந்தடி நாலங்குலம்.

சரிவில் இரண்டு தட்டைக் கற்களைப் பதித்தார்கள். அவற்றின் மேல் அவனை நிறுத்தி, பாதத்தைச் சுற்றித் தாரால் கோடு போட்டார்கள். கறுப்புச் சிலுவை எழுதிய வெள்ளைப் பலகை ஒன்றை மார்பில் தொங்கவிட்டார்கள். சிலுவைக்குக் கீழே 4 என்று இருந்தது.

“நானா, இந்த மண்ணு கெடக்குற கெடை சரியில்லீங்க” என்றான் சின்னராசா. “காலுக்கு அடியில என்னமோ ஓடுது.”

“அதத்தானே படம் புடிச்சிப் பாக்கப் போறாங்க” என்றார் ஜுனைதீன்.

“பாக்குறதுக்கு முந்தி வந்துட்டா?”

ஜுனைதீன் கடமைக்கு அதை எழுதி, ஆளனுப்பி, எதிர் மலையில் இருந்த அளவைத் துரையிடம் கேட்டார். முக்கால் மணி நேரத்தில் பதில் வந்தது: ‘வந்தால் இரண்டாவது படத்தில் தெரியும்.’

எதிர் மலையில் சிவப்புக் கொடி ஏறியது. அசையக் கூடாது என்று அர்த்தம். சின்னராசா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாட்டின் விலாவில் ஈ உட்கார்ந்தால் தோல் சிலிர்க்குமே, அப்படி ஒரு சிலிர்ப்பு மண்ணில் ஓடி அவன் குதிகால் வழியாக ஏறியது. கீழே லயத்துக் கூரைகளில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. தன் காம்பரா எது என்று பார்க்கத் தலையைத் திருப்பவும் பயந்தான். படம் முடிந்து வெள்ளைக் கொடி ஏறியதும் அவன் திரும்பித் தன் காம்பராவைத் தேடினான்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது படம். அதே கற்கள், அதே தார்க்கோடு, அதே பலகை. அதற்குள் வெடிப்பு ஒரு ஆள் உள்ளே விழும் அளவுக்கு அகலமாகியிருந்தது. கற்கள் லேசாகச் சாய்ந்திருந்தன. சின்னராசா கோட்டுக்குள் பாதத்தை வைத்து நின்றான்.

பத்தாம் நாள் பதுளையிலிருந்து ஓலை வந்தது. ‘நிலைக்குறி இலக்கம் 4 விசாரணைக்கு ஆஜராக வேண்டும்.’ பெயர் போட்டிருக்கவில்லை. வீரய்யா கங்காணிதான் இது யாரென்று கண்டுபிடித்துச் சொன்னார்.

விடியற்காலையில் கிளம்பி, பசறையைத் தாண்டி, பொழுது சாயும்போது சின்னராசா பதுளைக்குப் போய்ச் சேர்ந்தான். மறுநாள் காலை அவனைக் கந்தோருக்குள் கூட்டிப்போனார்கள். நடு மண்டபத்தில் மேசை மேல் ஒரு கருவி, வெல்வெட்டுத் துணி போர்த்தி இருந்தது. அதைத் தாண்டும்போது கிளாக்கர்மார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அளவைத் துரை நடுவில் இருந்தார். பக்கத்தில் தலைமைக் கிளாக்கர் பேனாவோடு இருந்தார். ஜுனைதீன் நின்றுகொண்டு மொழிபெயர்த்தார்.

குற்றம் இதுதான்: முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் இடையில் நிலைக்குறி இலக்கம் நாலு, நாலடி மூன்றங்குலம் பள்ளத்துப் பக்கம் நகர்ந்திருக்கிறது.

“தொரைகளே, நான் நகரலீங்க” என்றான் சின்னராசா. “கோட்டுக்குள்ளதான் நின்னேன். கல்லோட சேத்து மண்ணு எறங்கிருச்சுங்க.”

தலைமைக் கிளாக்கர் ஒரு புத்தகத்தைப் பார்த்தார். “கல் நிலைக்குறியாகப் பதியப்படவில்லை. பதியாத பொருளின் நகர்வை அளக்க விதி இல்லை.”

“அப்ப மலைங்க?”

அளவைத் துரை எழுந்தார். அவர் பேசியதை ஜுனைதீன் நல்ல தமிழில் சொன்னார்.

“கேள். இந்த விஞ்ஞானம் முழுவதும் ஒன்றின் மேல் நிற்கிறது. நிலைக்குறி நகராது. அது நகராது என்பதால்தான் மற்றவை நகர்ந்தனவா என்று எங்களால் சொல்ல முடிகிறது. நீ நகர்ந்துவிட்டாய். ஆகவே மலையைப் பற்றி இப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்களை ஒன்றும் தெரியாதவர்களாக ஆக்கியது நீ. நான் இந்த மலையை ஐந்து வாரமாக அளக்கிறேன். ஒரு நாளாவது அதன் மேல் கால் வைத்தேனா? வைத்திருந்தால் உன்னைப் போல எனக்கும் பயம் வந்திருக்கும். பயந்தவன் அளந்தால் அளவு கெட்டுப்போகும். எங்கள் அளவு கெடாமல் இருப்பது அதனால்தான்.”

பிறகு, கந்தோரில் ஒளிவு மறைவு இல்லை என்று காட்டுவதற்காக, துரை தம் கையாலேயே வெல்வெட்டுத் துணியை நீக்கினார். கருவியில் இரண்டு கண்ணுக்கும் இரண்டு பித்தளைக் குழாய்கள் இருந்தன. உள்ளே, முதல் படத் தகடு ஒரு பக்கமும் இரண்டாம் படத் தகடு மறு பக்கமும் இருந்தன. இரண்டு படத்துக்கும் இடையில் நகர்ந்தது மட்டும் அதில் எழும்பித் தெரியும். சின்னராசாவைக் குனிந்து பார்க்கச் சொன்னார்கள்.

முதலில் இரண்டு படங்களும் மங்கலாகத் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே படமாயிற்று. ஆனைப்பாறை மலை தெரிந்தது. பாறைகளும் மேட்டு மரங்களும் சுவரில் எழுதிய சித்திரம் போலத் தட்டையாக நின்றன. அந்தச் சுவரிலிருந்து வெடிப்புக்குக் கீழே இருந்த சரிவு முழுவதும் தனியாகப் பிய்ந்து, அவன் முகத்தை நோக்கி வெளியே வந்திருந்தது. தேயிலைச் செடிகள் வந்திருந்தன. இரண்டு கற்கள் வந்திருந்தன. அவற்றின் மேல் பலகையோடு அவனே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தான். கீழே மூன்றாம் லயத்துக் கூரையும், காயப்போட்ட துணிகளோடு, வந்துகொண்டிருந்தது.

சின்னராசா அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். முக்காலி உருண்டது.

“எல்லாம் வருதுங்க! லயமும் வருதுங்க!”

தலைமைக் கிளாக்கர் எழுதிக்கொண்டார்: ‘கருவிக்கு முன்னாலும் நகர்ந்தான்.’

தீர்ப்பு சுருக்கமாக இருந்தது. மூன்றாவது படம் எடுக்கப்படும். அதற்கு நிலைக்குறி இலக்கம் நாலு, இனி நகராதபடி, மண்ணில் அடித்த கட்டையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டப்பட வேண்டும். அதுவரை அத்தாட்சி கிடையாது. சின்னராசாவின் பெருவிரலை மையில் தோய்த்து ஒரு தாளில் பதித்தார்கள்.

வெளியே வந்ததும் ஜுனைதீன் அவனைத் தம் கடைக்குக் கூட்டிப்போய்த் தேத்தண்ணீர் கொடுத்தார்.

“நீங்களும் பாத்தீங்களா நானா?”

“ஒரு கெழமையா பாத்துக்கொண்டு ஈக்கிறேன். ராவைக்குத் தூக்கம் இல்ல.”

“தொரை பாக்கலீங்களா?”

“பாத்தார். அவர்ட கடுதாசில நாலாம் நம்பருக்கு மட்டும்தான் கட்டம் ஈக்கி. லயத்துக்குக் கட்டம் இல்ல. கட்டம் இல்லாதத அவர் எங்க எழுதுறது?”

சின்னராசா தோட்டத்துக்குத் திரும்பியபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. காம்பராவில் பிள்ளைகள் தூங்கியபின், அடுப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கருப்பம்மாவிடம் சொன்னான். அவள் கொழுந்து பறிக்கிறவள். வாய்க்காரி என்று லயத்தில் பெயர்.

“கட்டி வச்சா படம் புடிப்பாங்க?” என்றாள்.

“ரேகை வச்சுட்டேன்.”

“புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஓடிருவோம்.”

“துண்டு இல்லாம எந்தத் தோட்டத்துல சேப்பாங்க? லுணுகலைய தாண்டுறதுக்குள்ள பொலிசு புடிக்கும். நம்ம ஓடுனாலும் மத்த பத்தொம்பது காம்பரா?”

பழைய துரை எழுதிக் கொடுக்கும் துண்டு இல்லாமல் யாரும் தோட்டம் மாற முடியாது. அது அவளுக்கும் தெரியும். கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. சுவரில், நேற்று இல்லாத ஒரு கீறல் அடுப்புக்கு மேலே ஓடியிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“அவங்களுக்கு எதக் கண்டா பயம்?” என்று கேட்டாள் கருப்பம்மா.

“யாருக்கு?”

“படக்காரங்களுக்கு. நம்ம சாவோம்னா பயமில்ல. வேற எதுக்குப் பயப்படுவாங்க?”

சின்னராசா யோசித்தான். “அசைஞ்சா பயப்படுவாங்க. நடமாட்டம் ஆகாது அவங்களுக்கு. படம் கெட்டுப்போகுமாம்.”

“அப்ப போய் அதச் சொல்லு. இந்த லயத்துல எம்புட்டு நடமாட்டம் இருக்குன்னு சொல்லு. பொக இருக்கு, கோழி இருக்கு, காயப்போட்ட துணி இருக்கு, அறுபது புள்ளைங்க இருக்கு. அந்த நானாவ எழுதச் சொல்லு.”

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்ததும், லுணுகலைக்குத் தபால் எடுத்துப்போகும் ஆள் வழியாகச் செய்தி ஜுனைதீனுக்குப் போனது. அவர் கடையைப் பாதி சாத்திக்கொண்டு, கந்தோர் பாஷையில் ஒரு முறைப்பாடு எழுதிக் கந்தோரில் கொடுத்தார். லயத்தில் சனங்கள் இருப்பது பற்றி அதில் கவலை எதுவும் இல்லை. படத்தின் பரப்புக்குள் கட்டுப்பாடற்ற நடமாட்டம் இருப்பது பற்றி மிகுந்த கவலை இருந்தது.

ஆறு வாரமாக எதற்கும் அசையாத கந்தோர் அரை நாளில் எழுந்து ஓடியது. அளவைத் துரை சாப்பாட்டை விட்டுவிட்டு உத்தரவு எழுதினார்: ‘மூன்றாம் லயத்தின் சகல ஆட்களும், ஆடு, மாடு, கோழி, நாய், அடுப்புப் புகை, துணிமணி ஆகியவையும் படம் எடுப்பதற்கு மூன்று நாள் முன்பே படப்பரப்பை விட்டு அகற்றப்பட வேண்டும். வாழை மரங்கள் இலையாட்டும் இயல்புடையவையாதலால் வெட்டப்பட வேண்டும். முனியாண்டி கோவில் கொடி இறக்கப்பட வேண்டும். மூன்று நாளும் அங்குள்ள காற்றும் இயன்றவரை அமைதி காக்குமாறு தோட்ட நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும்.’

தோட்டத்துத் துரை காற்றைப் பற்றிய வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அன்றே செய்தார். இருபது காம்பராச் சனமும் பானை சட்டியோடு, எதிர் மலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனார்கள். ஏன் போகிறோம் என்று முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. வாழையை வெட்டியதற்காகச் சிலர் துரையைத் திட்டினார்கள்.

படம் எடுக்கும் நாள் மார்கழியில் ஒரு வியாழக்கிழமை. காலையில் மழை விட்டிருந்தது, மூடுபனி விடவில்லை. வீரய்யா கங்காணிதான் சின்னராசாவைக் கட்டினார்.

“கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்க ஐயா.”

“முடியாதுடா. இறுக்கிக் கட்டினேன்னு கையெழுத்துப் போடணும்” என்றார் கங்காணி. கடைசி முடிச்சைப் போட்டதும், திரும்பிப் பாராமல், வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் மலையை விட்டு இறங்கினார்.

எதிர் மலையில் சிவப்புக் கொடி ஏறியது. பனி வந்து மூடியது. பனி விலகும்வரை காத்திருந்தார்கள். மறுபடி மூடியது. ஒரு மணி நேரம் சின்னராசா அப்படியே நின்றான். கொடி தெரியும்போதெல்லாம் அது சிவப்பாகவே இருந்தது.

முதலில், கீழே லயத்துக்குப் பின்னால், நெடுநாள் காய்ந்து கிடந்த இடத்திலிருந்து தண்ணீர் பீறிட்டது. செம்மண் குழம்பாக வந்தது. காணாமல் போன தண்ணீர் வெளியே வரும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது. பிறகு சத்தம் கேட்டது. பெரிய துணியை யாரோ மெதுவாகக் கிழிப்பது போல, மண்ணுக்கடியில் தேயிலை வேர்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. காலடிக் கற்கள் ஒன்றோடொன்று உரசி முனகின.

“மலை வருது!” என்று கத்தினான். “தொரைகளே, மலை வருதுங்க! அவுத்து விடுங்க!”

எதிர் மலையில் சிவப்புக் கொடியைப் பலமாக ஆட்டினார்கள். வாயை அசைப்பதும் அசைவுதான்.

மூன்றாம் நிலைக்குறியான பெரும்பாறைக்குப் பின்னால் கருப்பம்மா விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மடுவத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு, தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வந்திருந்தாள். கத்தலைக் கேட்டதும் சரிவின் குறுக்கே ஓடி வந்தாள். அவள் காலடியில் மண் கஞ்சி போல நெளிந்தது. இரண்டு தடவை விழுந்தாள். கட்டையைப் பிடித்துக்கொண்டு கயிற்றில் கத்தியைப் போட்டாள். கால் சறுக்கியதில் முதல் வெட்டு அவன் தோளைக் கீறியது. மூன்றாவது வெட்டில் கயிறு விட்டது.

“கீழ ஓடாத!” என்று கத்தினான் சின்னராசா. “கானப் புடி! குறுக்கால!”

அவனே வெட்டிய கான் மலையின் குறுக்காகப் பாறைப் பக்கம் போயிற்று. அதில் தவழ்ந்தும் விழுந்தும் ஓடினார்கள். பாறையில் கை வைத்துத் திரும்பியபோது, அவர்கள் நின்ற இடம் தேயிலைச் செடிகளோடு, நிமிர்ந்தபடியே, அவசரமில்லாமல் கீழே போய்க்கொண்டிருந்தது. பிறகு அது அவசரப்பட்டது. மூன்றாம் லயத்தின் கூரை ஒரு தடவை எழும்பியது. அதன்பின் அங்கே மண் மட்டும் இருந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

எதிர் மலையில் அளவைத் துரை பெட்டியின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, “யார் அந்தப் பெண்?” என்று கேட்டார்.

இரண்டு வாரத்தில் கந்தோரின் முடிவு வந்தது. மூன்றாம் தகட்டில், குறுக்கே ஓடிய ஒரு பெண்ணின் தடம் விழுந்திருந்தது. மற்றதெல்லாம் கலங்கிய வெள்ளையாக இருந்தது. அனுமதியற்ற அந்த நடமாட்டத்தால் தகடு கெட்டுவிட்டதாகவும், ஆகவே மலை நகர்ந்தது நிரூபிக்கப்படவில்லை என்றும், மூன்றாம் லயம் குடியிருப்புக்கு ஏற்றதே என்றும் அத்தாட்சி எழுதப்பட்டது. அதை லயத்தின் முன்சுவரில் ஒட்டி, கந்தோர் முத்திரை குத்திவிட்டு வருமாறு ஜுனைதீனை அனுப்பினார்கள்.

அவர் பசைச் சட்டியோடு வந்து மண்மேட்டின் முன்னால் நின்றார். சின்னராசாவும் கருப்பம்மாவும் இன்னும் சிலரும் மண்ணைக் கிளறிப் பாத்திரம் பண்டம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன நானா, கையில?” என்றாள் கருப்பம்மா.

“கடுதாசி. சொவத்துல ஒட்டச் சொல்லி ஈக்கிறாங்க.”

“என்ன எழுதிருக்கு?”

அவர் படித்துச் சொன்னார். கருப்பம்மா சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பு உதறியது. பல் கிட்டியது. பாறைக்குப் பின்னால் விடியற்காலையிலிருந்து அடக்கி வைத்த பயம் பதினாறு நாள் கழித்து அவளுக்கு வந்திருந்தது. சின்னராசா அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“நானா” என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. “வெடிப்பு இந்த மலையோட நிக்கல. எடது பக்கமா போகுது. நேத்துப் போய்க் கைய விட்டுப் பாத்தேன். அதுக்குக் கீழ ரெண்டாம் லயம் இருக்கு. தோட்டத்துத் தொரகிட்ட சொன்னேன். பதுளைக்கு எழுதுறேன்னாரு.”

ஜுனைதீன் இடது பக்கம் பார்த்தார். இரண்டாம் லயத்தில் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. மறுபடியும் பெட்டி, மறுபடியும் நிலைக்குறி, மறுபடியும் மூன்று வாரம். அவருக்கு நான்கு பிள்ளைகள். கந்தோர் முத்திரையைத் தப்பாகக் குத்தினால் சிறை என்றும் தெரியும். பிறகு ஒரு பாறையில் அத்தாட்சியைக் கவிழ்த்து வைத்து, அதன் வெறும் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

‘இரண்டாம் லயமும் படப்பரப்புக்குள் வருவதாலும், அங்கே மிதமிஞ்சிய நடமாட்டம் காணப்படுவதாலும், சகல ஆட்களும் கால்நடைகளும் மறு உத்தரவு வரும்வரை அகற்றப்பட வேண்டும்.’

முத்திரையை இரண்டு கையாலும் பிடித்துக் குத்தினார். ஒரு கையால் முடியவில்லை.

தோட்டத்துத் துரை முத்திரையைப் பார்த்தார், எழுத்தைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் இரண்டாம் லயம் காலியானது. சனங்கள் குழந்தைகளையும் கோழிகளையும் தூக்கிக்கொண்டு வரிசையாக நடக்க, நடமாட்டம் கூடாது என்ற உத்தரவை வீரய்யா கங்காணி முன்னால் நின்று உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள் அந்த மலையும் இறங்கியது. ஆள் யாரும் இல்லை. கந்தோரில் உத்தரவின் நகலைப் படித்த அளவைத் துரை, நடை குற்றமில்லாமல் இருப்பதாகச் சொல்லித் தம் சுருக்கொப்பத்தைப் போட்டார். எழுதியது யார் என்று கேட்கவில்லை. ஜுனைதீன் அந்த வாரமே, கண் மங்குகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கடையோடு இருந்துகொண்டார்.

தை மாதத்தில், துண்டு கிடைத்து அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போகும் வழியில், சின்னராசாவும் கருப்பம்மாவும் பிள்ளைகளோடு அவர் கடையில் ஏறினார்கள். ஜுனைதீன் எழுந்து வந்து, இரண்டு பிள்ளைகளுக்கும் சீனி முட்டாய் கொடுத்தார். பிறகு சுவரோரமாக ஒரு திரையை இழுத்துவிட்டு, தம் சின்னப் படப்பெட்டியை மூன்று கால் தாங்கியில் நிறுத்தினார்.

“ஞாபகத்துக்கு ஒரு படம் எடுத்துத் தாறேன். நாலு பேரும் இப்பிடி நில்லுங்க. கொஞ்சம் அசையாம நிண்டா போதும்.”

பிள்ளைகள் ஆசையோடு திரைக்கு முன்னால் போய் நின்றன. சின்னராசா வாசற்படியைத் தாண்டவில்லை. ஒரு காலை எடுத்து வைத்தான், மற்றக் காலை மாற்றினான், மறுபடியும் மாற்றினான்.

“நிக்கச் சொல்லாதீங்க நானா” என்றாள் கருப்பம்மா மெதுவாக. “அன்னையிலருந்து இவரு ஒரு எடத்துல நிக்கிறதில்ல.”

ஜுனைதீன் பெட்டியின் கண்ணை மூடினார். அவர்கள் பண்டாரவளைப் பாதையில் இறங்கி நடந்தார்கள். சின்னராசா முன்னால் போனான், தரையைப் பார்த்துக்கொண்டு, வேகமாக.